கொலைகாரியின் நோட்டில் என் கையெழுத்து

கடவுள் துணை
ஜனவரி 10

அன்புள்ள சின்னுவுக்கு,

இன்று காலை ஒன்பது மணிக்கு நம் வீட்டுக்குள் இருந்தவர்கள்: தொப்பி போட்ட இயக்குநர் ஒருவர், கேமராக்காரர் ஒருவர், அவருக்குக் கைகொடுக்கிறவர்கள் மூன்று பேர், விளக்குக்காரர்கள் ஐந்து பேர், மேக்கப் போடும் அம்மாள் ஒருவர், கலைப் பிரிவுப் பெண் ஒருத்தி, சாகப்போகிற பிள்ளைகள் ஆறு பேர், அவர்களைக் கொல்லப்போகிற நடிகை ஒருவர், உன் அத்தான், நான். மொத்தம் இருபத்தொரு பேர். வாசலில் செருப்பு இருபது ஜோடிதான். இயக்குநர் ஷூவைக் கழற்றவில்லை.

பயந்துவிடாதே. சினிமா எடுக்கிறார்கள். உன் அத்தானோடு பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவரின் மச்சான் கூட்டிவந்தார். முப்பது நாளைக்கு வீடு வேண்டுமாம். இயக்குநர் ஹாலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீட்டா ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்ல சார். பார்த்தாலே பயமா இருக்கு" என்றார். உன் அத்தான் இதைப் பாராட்டு என்று நினைத்துத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கதை இதுதான். ஆறு பிள்ளைகள் விடுமுறைக்கு ஒரு வீட்டில் தங்குகிறார்கள். வெள்ளை முகமூடியும் சமையல் ஏப்ரனும் போட்ட ஓர் உருவம் அவர்களை ஒவ்வொருவராகக் கத்தியால் குத்திக் கொல்கிறது. விளக்கை அணைக்காமல் போனவன் முதலில். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டவள் இரண்டாவது. கடைசியில் முகமூடியைக் கழற்றினால் வீட்டுக்காரம்மா. இந்த மாதிரிக் கொலைப் படங்களைக் கேலி செய்கிற படமாம். "ஈரத் துண்டுக்கா கொலை?" என்று கேட்டேன். "உங்களுக்குக் கோபம் வராதா ஆன்ட்டி?" என்றார் இயக்குநர். வரும். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிரார்த்தனை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். மற்ற அறைகளில் எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்தாயிற்று. ரத்தம் என்பது சர்க்கரைப் பாகில் சாயம் கலந்தது. இன்றே எறும்பு வந்துவிட்டது. செத்துக் கிடக்க வேண்டிய பெண் "கடிக்குது சார்!" என்று எழுந்து ஓடினாள்.

சாமி கும்பிடுகிற வீட்டில் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது சரிதானா என்று மனதில் ஒரு உறுத்தல். போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், நான் பாதியில் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன். நமக்குக் காகிதம்தான் ஒத்துவரும். உன் முதுகுவலி தேவலையா? மாப்பிள்ளையையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

ஜனவரி 19

கணக்குப்பிள்ளை அக்காவுக்குச் சின்னு எழுதிக்கொள்வது.

இங்க மூணு பேரும் சௌக்கியம். முதுகு அப்படியேதான் இருக்கு, அதுவும் என்னை மாதிரி சொன்ன பேச்சைக் கேக்கறதில்ல. அத்தான் காலையில நடக்கறாரா?

உன் கடிதத்தை லாண்டரியில சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன். இருபது ஜோடிச் செருப்புன்னு வந்ததும் எங்க சூப்பர்வைசருக்குப் புரையேறிடுச்சு. "உங்கக்கா போலீஸ்ல இருந்திருக்கணும்"ன்னு சொல்றாரு.

பதினேழு வருஷமா ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவ சொல்றேன், கேட்டுக்கோ. நிஜ ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி. பொய் ரத்தம் சர்க்கரை, அதுக்குச் சுடுதண்ணி. மாத்தி ஊத்திடாதே, கறை ஆயுசுக்கும் போகாது.

என் பொண்ணு குதிக்கிறா. இந்த மாதிரி படம்னா அவளுக்கு உயிர். கண்ணை மூடிக்கிட்டே பார்ப்பா. "பெரியம்மா வீட்ல கொலை"ன்னு காலேஜ் முழுக்கச் சொல்லியாச்சு.

கடைசியா ஒண்ணு. அம்மா படுத்திருந்த ரூமையும் கொடுத்துட்டியா? சும்மாதான் கேட்டேன்.

சின்னு

*

கடவுள் துணை
ஜனவரி 30

அன்புள்ள சின்னுவுக்கு,

கடவுள் அருளால் இங்கே குறைவில்லை. உன் அத்தான் நடக்கிறார், ஆனால் கேமரா இருக்கும் பக்கமாகத்தான் நடக்கிறார். தோட்டத்தில் கிடக்கும் பிணமாக அவரை ஒரு நாள் படுக்க வைத்தார்கள். மூன்று முறை தும்மினார். நான்காவது முறை குப்புறப் போட்டு எடுத்துவிட்டார்கள். "முதுகுல நடிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா" என்று இரண்டு நாளாகப் புலம்பல்.

சுடுதண்ணீர் யோசனை பலித்தது. தலையணை உறை ஒன்பதும் வெளுத்துவிட்டன. உன் சூப்பர்வைசருக்கு என் வணக்கம்.

படத்துக்குத்தான் தொல்லைமேல் தொல்லை. முகமூடிக்குள் வேர்த்து, கொலைகாரிக்குக் கண் தெரியாமல் கதவில் முட்டிக்கொண்டார். மூன்றாவதாகச் சாக வேண்டிய பெண்ணுக்குப் பரீட்சை வந்துவிட்டது, அதனால் அவளை முதலிலேயே கொன்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஐந்தாம் நாள் காட்சியில் அவள் உயிரோடு இருக்க வேண்டுமாம். என் குறிப்பைப் பார்த்துத்தான் எந்தத் தலையணை எந்தப் பக்கம் இருந்தது என்று சரிசெய்கிறார்கள். "ஆன்ட்டி இல்லன்னா இந்தப் படமே இல்ல" என்று இயக்குநர் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். படத்தில் கொலைகாரி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யார் என்ன தப்பு செய்தார்கள் என்று அதில் எழுதி வைப்பாள். கலைப் பிரிவுப் பெண் எழுதியது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி இருந்ததாம். அவள் வாயில் எப்போதும் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு ஏறி இறங்கி ஓடுவதால் எல்லாரும் அணில் என்கிறார்கள். அவள்தான் என் பால் கணக்கைப் பார்த்துவிட்டு, "சார், ஆன்ட்டி கையெழுத்தைப் பாருங்க, முத்து முத்தா பயமுறுத்துது!" என்று கொண்டுபோய்க் காட்டினாள். நாற்பது பக்கம், அன்றே மூன்று மணிக்குள். "யாரும் படிக்கப் போறதில்ல, பக்கம் நிறைஞ்சிருந்தா போதும்" என்றார் இயக்குநர்.

நானாகவே அண்ணன் பாடப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து, சின்னு. அடித்தல் திருத்தல் இல்லாமல் தருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். பக்க எண் போட்டுக் கோடு இழுத்து எழுதிக் கொடுத்தும்விட்டேன்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 8

அக்கா,

நாங்க சுகம். இவருக்குத்தான் சளி, ஊரையே கூட்டற மாதிரி இருமறாரு. உனக்கு அந்தத் தலைசுத்தல் திரும்ப வந்ததா? வந்தாலும் சொல்ல மாட்டே.

தலையணை உறை ஒன்பது, தும்மல் மூணு. எல்லாத்துக்கும் கணக்கு எழுதினே. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மட்டும் பதில் இல்ல. அம்மா ரூம்.

நாற்பது பக்கத்துக்குத் தப்புக்கு எங்க போனே? உன் தப்பு நோட்டா? சாயங்காலம் சாமி கும்பிட்டுட்டு, அன்னைக்குப் பண்ணின தப்பெல்லாம் எழுதுவியே. "சின்னுவின் ரிப்பனை ஒளித்தேன்"னு எழுதிட்டு ரிப்பனை மட்டும் கொடுக்க மாட்டே. ஞாபகம் இருக்கா?

உன் கையெழுத்துன்னதும் நேத்து அம்மாவோட கடைசிக் கடிதத்தை எடுத்தேன். அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதினது. பன்னெண்டு வருஷம் ஆச்சு, மடிப்பெல்லாம் விட்டுப்போச்சு. அதுல என்ன இருக்குன்னா, இங்க எல்லாரும் வழக்கம்போல இருக்கோம், அப்புறம் "மழை இல்லை. துணி சீக்கிரம் காய்கிறது." இதை எதுக்கு எனக்குச் சொல்லணும்? அந்த வரிமேல மட்டும் ஒரு எண்ணெய்க் கறை. கறை எடுக்கறது என் தொழில், அதை மட்டும் நான் எடுக்கல.

நான் கூப்பிடற வரைக்கும் வாசலை மிதிக்காதேன்னு அம்மா சொன்னா. நான் இவரைக் கட்டிக்கிட்டது அவ்வளவு பெரிய குத்தம். சரி, கூப்பிடுவான்னு இருந்தேன். அந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம் "வா"ன்னு எங்கயாவது இருக்காதான்னு இன்னும் தேடறேன். நீயாவது சேர்த்து எழுதியிருக்கலாமேன்னு உன்னைத் திட்டுவேன். அப்புறம், அம்மா சொல்லாததை அக்கா எப்படி எழுதுவான்னு நானே சமாதானம் ஆயிடுவேன்.

சும்மா எழுதிட்டேன். மனசுல வெச்சுக்காதே.

சின்னு

*

கடவுள் துணை
பிப்ரவரி 27

அன்புள்ள சின்னுவுக்கு,

பதில் எழுதத் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் சளி விட்டதா?

அம்மாவின் அறையையும் கொடுத்தேன். கொலைகாரி நோட்டுப் படிக்கும் அறை அதுதான். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று கேட்டார்கள். மறுக்கத் தெரியவில்லை.

நீ சொன்னது சரி. இருபத்திரண்டாம் பக்கத்தோடு படத்துப் பிள்ளைகளின் தப்புகள் தீர்ந்துபோயின. மணி இரண்டு. என் பழைய தப்பு நோட்டு ஒன்றை எடுத்து வைத்து அதைப் பார்த்து எழுதினேன். யாரும் படிக்கப் போவதில்லை என்றார்களே.

பிப்ரவரி மூன்றாம் தேதி அந்தக் காட்சி. நடிகை அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். எந்தப் பக்கத்தையாவது பிரித்து ஏதாவது படியுங்கள் என்றார் இயக்குநர். "விருந்தாளி சீக்கிரம் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் வைத்தேன்" என்று படித்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பிரார்த்தனையின்போது பக்கத்தில் இருந்தவளின் புடவை விலையைக் கணக்குப் போட்டேன்." விளக்குக்காரர் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் அத்தானும் சிரித்தார், அது யாருடையது என்று தெரியாமல். நான் கதவோரம் நின்றிருந்தேன். என் காது மடல் எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு பக்கத்தைத் திருப்பினார். இருபத்தாறாம் பக்கம். அதில் முதல் வரியை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. "அந்தப் பார்வை பிரமாதம், அந்தப் பக்கத்தைக் கிட்ட வந்து எடுங்க" என்று இயக்குநர் கத்தினார். எடுத்தார்கள்.

மறுநாள் நோட்டைக் காணவில்லை. அந்தக் காட்சியில் பாதி பாக்கி இருந்ததால் இரண்டு நாள் படப்பிடிப்பு நின்றது. பொருள்களுக்குப் பொறுப்பு அணில். இயக்குநர் அவளைத் திட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் அழவில்லை. வாயிலிருந்த இரண்டு கிளிப்பையும் எடுத்து நம் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

*

மார்ச் 6

அக்கா,

சளி விட்டுடுச்சு. மத்தபடி எல்லாரும் நலம். இப்ப விஷயத்துக்கு வரேன்.

உன் வீட்ல ஒரு நோட்டு காணாமப் போச்சா? என் காதுல பூ வைக்காதே. அம்மாவோட உடைஞ்ச மூக்குக்கண்ணாடி எந்த டப்பாவுல எந்தத் தட்டுல இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றவ நீ. இருபது ஜோடிச் செருப்பை எண்றவ வீட்ல நாற்பது பக்க நோட்டு நடந்தா போகும்?

நோட்டு உன்கிட்டதான் இருக்கு.

நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். "நோட்டைக் காணவில்லை"ன்னு எழுதியிருக்கே. தொலைஞ்சதுன்னு எழுதல. பொய் எழுத உனக்குக் கை வராது, பாதி எழுதத்தான் வரும். சின்ன வயசுலயும் அப்படித்தான்.

வேலை போன பொண்ணு என் மகளைவிட நாலஞ்சு வயசுதான் பெரியவளா இருப்பா. என் மேல ஒருவாட்டி துணி திருடினேன்னு பழி போட்டாங்க, ஞாபகம் இருக்கா? பதினோரு நாள் கழிச்சு மெஷினுக்குப் பின்னாடி கிடைச்சுது. அந்தப் பதினோரு நாள் எனக்குச் சோறு எறங்கல. அது உனக்குத் தெரியும்.

இருபத்தாறாம் பக்கத்துல என்ன இருக்கு?

சின்னு

*

கடவுள் துணை
மார்ச் 20

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் பிரார்த்தனை அறையில் வைத்துத்தான் படித்தேன். நோட்டும் அங்கேதான் இருந்தது, தோத்திரப் புத்தகங்களுக்கு அடியில். வீட்டில் அவர்கள் யாரும் நுழையாத அறை அது ஒன்றுதானே. முப்பத்தைந்து நாள் அதன் முன்னால் மண்டியிட்டு அந்தப் பெண்ணுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதைவிட வெட்கக்கேடு உண்டா?

படப்பிடிப்பு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அலுவலகத்துக்குப் போனேன். நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே மேசையில் வைத்து, "நான்தான் எடுத்தேன்" என்றேன். இயக்குநர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாவம், உள்ளே வழுக்கை.

"இதுக்கா ஆன்ட்டி? சினிமாவுல எந்தப் பொருளும் ஒண்ணே ஒண்ணா இருக்காது. கத்தி மூணு, முகமூடி மூணு. நோட்டு வந்த அன்னைக்கே அணில் நாற்பது பக்கத்தையும் போட்டோ எடுத்துட்டா. உங்க கையெழுத்துலயே இன்னொண்ணு எழுதிக்கிட்டிருந்தா, பத்தொன்பதாம் பக்கம் வரைக்கும் வந்திருந்தா. இருபத்தாறுதான் படத்துல வந்துடுச்சே, மீதிக் காட்சிக்கும் அதே பக்கம் வேணும், அது வரைக்கும் வேற ஆளை வெச்சு எழுதி முடிக்கத்தான் ரெண்டு நாள் நின்னுது." ஆக, நான் ஒளித்து வைத்ததால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பக்கம் எப்போதோ கேமராவுக்குள் போய்விட்டது.

அணிலின் வீட்டுக்கும் போனேன். நான்காவது மாடி. படி எண்பத்தெட்டு. கிளிப் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். கதவைத் திறந்தவள் உட்காரச் சொல்லவில்லை. எல்லாம் சொன்னேன்.

"உங்க நோட்டுல இதையும் எழுதிக்கிட்டீங்களா ஆன்ட்டி?"

"எழுதிட்டேன்மா. அன்னைக்கே."

"நான் உங்க நாற்பது பக்கத்தையும் படிச்சிருக்கேன். போட்டோ எடுக்கறப்ப படிச்சுத்தானே ஆகணும். ஒரு இடத்துலயாவது, அவங்ககிட்டயே போய்ச் சொன்னேன்னு எழுதியிருக்கான்னு பார்த்தேன். இல்ல. எழுதினா முடிஞ்சுதா?"

கிளிப் முடிந்த கைக்குட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த படத்துக்கு முழு சம்பளத்தோடு. அதை நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இருபத்தாறாம் பக்கத்தில் உன்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். கண் கொஞ்சம் வலிக்கிறது.

உன் அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

கண்ணுக்கு டாக்டரைப் பார்த்தியா? நாங்க நல்லா இருக்கோம்.

படத்தோட ட்ரெய்லர் வந்துடுச்சு. என் பொண்ணு காலேஜ்லேருந்து ஓடி வந்தா. ரெண்டு நிமிஷம் ஓடுது. நம்ம வீட்டுப் படிக்கட்டு, ஹால், அம்மாவோட ஜன்னல் எல்லாம் வருது. அத்தான் முதுகு வந்ததும் நானும் அவளும் கை தட்டினோம். கடைசியில நோட்டு. ஒரு நொடிதான். என் பொண்ணு அதை நிறுத்திப் பெருசாக்கினா.

"அம்மா, இது பெரியம்மா எழுத்துதானே?"

முத்து முத்தா இருக்கு. "அம்மா சொன்னதில் ஒரு" வரைக்கும் தெரியுது. அதுக்கப்புறம் அந்த நடிகையோட கட்டைவிரல். விரலுக்கு அந்தப் பக்கம், வரி முடியற இடத்துல, "காத்திருக்கிறாள்."

நான் போனைக் கீழ வெச்சுட்டுத் துணி மடிக்கப் போயிட்டேன். ஒரே போர்வையை நாலு தடவை மடிச்சேன்.

அந்த விரலுக்குக் கீழ என்ன இருக்கு?

சின்னு

*

ஏப்ரல் 21

அக்கா,

பதினாறு நாள் ஆச்சு. தபால் தொலையலைன்னு தெரியும். அத்தானுக்குப் போன் பண்ணினேன், உனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாரு.

படம் வந்ததும் என் பொண்ணு முதல் நாளே போவா. அவ வாயால நான் தெரிஞ்சுக்கணுமா?

சின்னு

*

கடவுள் துணை
ஏப்ரல் 24

அன்புள்ள சின்னுவுக்கு,

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அம்மா, நான். உன் அத்தான் டிப்போவுக்குப் போயிருந்தார். வேறு யாரும் இல்லை. காலை பதினொன்றரை மணி. போனில் பேசினால் அம்மாவுக்குக் காது கேட்காது என்பதால், உனக்கு எது சொல்வதானாலும் என் கை வழியாகத்தான் சொல்ல வேண்டும். அது உனக்கும் தெரிந்ததுதான்.

அம்மா சொன்னது இது. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "சின்னுவுக்கு எழுது. கோவம் போயிடுச்சுன்னு எழுதாதே, அவ சிரிப்பா. வாசல் தொறந்துதான் இருக்கு, வந்து பக்கத்துல உக்காருன்னு எழுது. அவரையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

நான் எழுதவில்லை.

அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று நினைத்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பதினான்கு மாதம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, துணி மாற்றியவள் நான். அந்தப் பதினான்கு மாதத்தில் அம்மா ஒரு நாளும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னதில்லை. தண்ணி கொண்டா, ஜன்னலைச் சாத்து, இவ்வளவுதான். உன் பேரைச் சொன்னபோது அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். பேனா நின்றது. அந்த இடத்தில், மழை இல்லை, துணி சீக்கிரம் காய்கிறது என்று எழுதினேன்.

"எழுதிட்டியா?" என்றாள். தலையாட்டினேன். "எங்க எழுதியிருக்க, காட்டு" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அந்தத் துணி காயும் வரியைக் காட்டினேன். அதன்மேல் கட்டைவிரலை வைத்து ரொம்ப நேரம் வைத்தபடியே இருந்தாள். அப்போதுதான் அவள் கைக்கு வலி எண்ணெய் தேய்த்திருந்தேன். நீ எடுக்காமல் வைத்திருக்கும் கறை அது. அம்மா உன்னைக் கூப்பிட்ட இடம் அதுதான். எழுத்து மட்டும்தான் என்னுடையது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். தினமும் வாசலில் யார் என்று கேட்டாள். "கடிதம் போய்ச் சேர வேண்டாமா?" என்று அவள் காதுக்கருகில் கத்தினேன். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவளைப் பார்க்க வராதவள் என்று கூடியிருந்தவர்கள் உன்னைப் பேசினார்கள். எல்லாருக்கும் பாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னும் பன்னிரண்டு வருடம் கேட்டேன்.

அன்று மாலையே நோட்டில் எழுதினேன்: "அம்மா சொன்னதில் ஒரு வரியை விட்டுவிட்டுச் சின்னுவுக்குக் கடிதம் எழுதினேன். அம்மா காத்திருக்கிறாள்." எழுதியதும் மனம் லேசானது. அந்த லேசான மனத்தோடுதான் இத்தனை நாள் சாமி கும்பிட்டு வந்திருக்கிறேன். அணில் கேட்டது இதைத்தான்.

கொலைகாரியின் நோட்டுக்காகப் பார்த்து எழுதிக்கொண்டே போனபோது, கை எழுதி முடித்த பிறகுதான் கண் படித்தது. கிழித்திருக்கலாம். ஆனால் நாற்பது பக்கத்துக்கும் முன்பே எண் போட்டுவிட்டேன். அடித்திருக்கலாம். அடித்தல் திருத்தல் இல்லாமல் தருகிறேன் என்று பெருமை பேசியிருந்தேன். மணி மூன்றாகப் போகிறது என்று விட்டுவிட்டேன். அன்று விட வேண்டிய வரியை விடாமல் எழுதினேன், பன்னிரண்டு வருடம் முன்னால் எழுத வேண்டிய வரியை விட்டேன். என் ஒழுங்கின் லட்சணம் அவ்வளவுதான்.

நேற்று இயக்குநரிடம் போனேன். இந்தத் தடவை காரணத்தையும் சொன்னேன். முழுப் படத்தில் அந்த விரல் நகர்ந்துவிடுமாம், வரி முழுதாகத் தெரியுமாம். அந்த இடத்தில் தியேட்டர் சிரிக்கும் என்று நினைத்திருந்தாராம். "வேணாம்னா எடுத்துடறேன் ஆன்ட்டி. மே பத்துக்குள்ள சொல்லுங்க, அதுக்கப்புறம் என் கையில இல்ல" என்றார். என் வாய் எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தது. அடக்கிக்கொண்டேன். உனக்குச் சேர வேண்டிய வரியை மறுபடியும் நானே விட்டுவிடக் கூடாது. அது திரையில் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நீ சொல். நீ சொல்கிறபடி போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அத்தானுக்கும் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாளாக நடக்கப் போகவில்லை. இன்று காலை, "சின்னுவுக்கு முதல்ல எழுது" என்றார்.

மன்னிக்கும்படி கேட்க மாட்டேன். கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். வாசல் திறந்துதான் இருக்கிறது. வந்து பக்கத்தில் உட்கார். மாப்பிள்ளையையும் கூட்டி வா. இது அம்மா சொன்னது.

குழந்தையிடம் நீயாகவே படித்துக் காட்டு. உன் முதுகைப் பார்த்துக்கொள்.

மே பத்தாம் தேதிக்குள் எனக்குப் பதில் வேண்டும். சீக்கிரம் எழுது.

உன் அக்கா